அடையாற்றுப் படுகையில் நுண்நெகிழி மாசு

அடையாற்றுப் படுகையில் நுண்நெகிழி மாசு என்பது, தமிழ்நாட்டில் அடையாறு, அதற்கு நீர் தரும் ஏரிகள், வரத்துக் கால்வாய்கள், கழிமுகம் ஆகியவற்றில் 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த அளவுடைய நெகிழித் (பிளாஸ்டிக்) துகள்கள் கலந்திருப்பதைக் குறிக்கும். இப்படுகையின் மேற்பகுதியில் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியும், நடுவில் சென்னைக்குக் குடிநீர் வழங்கும் செம்பரம்பாக்கம் ஏரியும், கடைசியில் சென்னை நகரமும் கடற்கரையும் அமைந்துள்ளன. இதனால் மேற்பகுதியில் நிலத்தில் சிந்தும் துகள் குடிநீர் ஏரியையும் கடலையும் சென்றடைய வாய்ப்புள்ளது. 2015 ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது அடையாறும் கூவமும் பெருமளவு நெகிழிக் குருணைகளைச் சென்னைக் கடற்கரைக்குக் கொண்டு சேர்த்தமை ஆய்வில் பதிவாகியுள்ளது.

நீரில் கலந்துவிட்ட நுண்நெகிழியை முழுவதும் திரும்ப எடுக்கும் முறை எதுவும் இன்று நடைமுறையில் இல்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் அதனை நீரிலிருந்து பிரித்தாலும் அழிப்பதில்லை. அது சேற்றில் தங்குகின்றது. ஆகவே துகள் சிறிதாவதற்கு முன்பும், ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குச் செல்வதற்கு முன்பும் தடுப்பதே முதன்மையான வழியாகக் கருதப்படுகின்றது.

வரைவிலக்கணமும் வகைகளும்

பொதுவாக 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த நெகிழித் துகள்கள் நுண்நெகிழி எனப்படுகின்றன. ஒரு மைக்ரானுக்கும் சிறியவற்றை மீநுண்நெகிழி அல்லது நானோ நெகிழி எனப் பலர் வகைப்படுத்துகின்றனர். இந்தியாவில் 2024 ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிகள், நீரில் கரையாத, 1 முதல் 1,000 மைக்ரான் வரை அளவுடைய திண்மத் துகள்களை நுண்நெகிழி என வரையறுக்கின்றன. எனவே ஓர் ஆய்வின் எண்ணிக்கையைப் படிக்கும்போது, அது எந்த அளவு வரம்பைக் கொண்டு எண்ணப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோற்றத்தின் அடிப்படையில் இவை இரு வகைப்படும்.

முதனிலை நுண்நெகிழி: தொடக்கத்திலேயே சிறிய அளவில் செய்யப்பட்டவை. வார்ப்பு ஆலைகளுக்கு மூலப்பொருளாகச் செல்லும் நெகிழிக் குருணைகள், சில அழகுப் பொருட்களில் சேர்க்கப்பட்ட நுண்மணிகள் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் நிலை நுண்நெகிழி: பெரிய பொருட்கள் வெயில், வெப்பம், உராய்வு ஆகியவற்றால் உடைந்து உண்டாபவை. கைப்பைகள், தார்ப்பாய்கள், கயிறுகள் ஆகியவற்றின் துணுக்குகளும், செயற்கைத் துணியின் இழைகளும், டயரின் தேய்மானத் துகள்களும் இதில் அடங்கும். உராய்வில் உண்டாகும் டயர்த் துகளையும் துணி இழையையும் முதனிலை வகையில் சேர்க்கும் ஆய்வாளர்களும் உள்ளனர்.

கண்டறிந்த வரலாறு

வட அத்திலாந்திக்கின் சர்காசோக் கடலில் சிறு நெகிழித் துகள்கள் மிதப்பது 1972 இலேயே அறிவியல் இதழில் வெளியானது. பிரித்தானியக் கடலியல் ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004 இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின்னரே நுண்நெகிழி என்னும் சொல் பரவலாக வழங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் ஆய்வுகள் பெரும்பாலும் கடலைப் பற்றியனவாக இருந்தன. ஆறு, ஏரி போன்ற நன்னீர் நிலைகள் மீது கவனம் பின்னரே திரும்பியது. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியின் படிவுகள் குறித்து 2017 இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் ஏரி, கழிமுகப் படிவுகள் பற்றிய முதல் அறிக்கையாகும்.

படுகையின் அமைப்பு

அடையாறு காஞ்சிபுரம் மாவட்டத்தில் மணிமங்கலத்தை அடுத்த ஏரிகளின் உபரி நீரிலிருந்து தோன்றி, ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி, சென்னையில் வங்காள விரிகுடாவில் கலக்கின்றது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் திருநீர்மலை அருகே இதனுடன் சேர்கின்றது. செம்பரம்பாக்கம் ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடியாகும். இங்குள்ள குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 530 மில்லியன் லிட்டர் திறன் கொண்டது.

இப்பகுதியின் நீரமைப்பு ஏரித்தொடர் முறையில் அமைந்தது. மேட்டு ஏரி நிரம்பியதும் நீர் கலங்கல் வழியாக வழிந்து, கால்வாய் மூலம் அடுத்த ஏரிக்குச் செல்லும். திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் இவ்வாறே செம்பரம்பாக்கத்தை அடைகின்றது. நீரைத் தேக்கிப் பயிர் செய்வதற்காக ஏற்பட்ட இவ்வமைப்பே இன்று மாசு பயணிக்கும் பாதையாகவும் உள்ளது. ஒவ்வொரு ஏரியும் வரும் துகளில் ஒரு பகுதியைத் தன் படிவில் நிறுத்திவைக்கின்றது. மிதக்கும் பகுதியை வெள்ளக் காலத்தில் கீழே அனுப்புகின்றது.

இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் சிப்காட் நிறுவனத்தின் தொழிற்பூங்காக்கள் உள்ளன. 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், வாகனம், உதிரிப்பாகம், டயர், மின்னணுக் கருவி ஆகியவற்றைச் செய்யும் ஆலைகள் இங்கு பெருகின. முருகன் கோயிலால் அறியப்பட்ட வல்லக்கோட்டை, ஒரகடம் மற்றும் வல்லம்–வடகால் பூங்காக்களை அடுத்து, சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர் சாலைப் பகுதியில் அமைந்த ஊராகும். ஏரிப் பாசனத்தைச் சார்ந்திருந்த இவ்வூர்ப் பகுதிகளில் இன்று ஆலைகள், தொழிலாளர் விடுதிகள், சரக்கு லாரி நிறுத்தங்கள், கிடங்குகள் ஆகியன நிறைந்துள்ளன.

மூலங்கள்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2017 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகப் பெருங்கடல்களைச் சேரும் முதனிலை நுண்நெகிழியில் செயற்கைத் துணிகளின் சலவை 35 விழுக்காடும், டயர் தேய்மானம் 28 விழுக்காடும், நகரத் தூசி 24 விழுக்காடும் ஆகும். நெகிழிக் குருணையின் பங்கு 0.3 விழுக்காடு மட்டுமே. ஆயினும் இது உலகச் சராசரியாகும். குருணையைக் கையாளும் ஆலைகள் ஓரிடத்தில் திரண்டுள்ள பகுதிக்கு இச்சராசரியை அப்படியே பொருத்த இயலாது.

நெகிழிக் குருணை: வாகன முகப்புத் தடுப்பு, கருவிப் பலகை, மின்னிணைப்புப் பெட்டி முதலியன பாலிபுரோப்பிலீன், நைலான் போன்ற குருணைகளை உருக்கி அச்சில் வார்த்துச் செய்யப்படுகின்றன. தொழிலில் இக்குருணையைக் கிரானுல்ஸ் என்பர். ஒரு குருணையின் எடை ஏறத்தாழ 20 முதல் 25 மில்லிகிராம். ஆகவே 25 கிலோகிராம் மூட்டை ஒன்றில் பத்து இலட்சம் அல்லது அதற்கும் மேற்பட்ட குருணைகள் இருக்கும். மூட்டை கிழிதல், லாரியிலிருந்து இறக்கும்போது சிந்துதல், உலர்த்தியில் கொட்டும்போது தவறுதல் ஆகியவற்றால் இவை தரையில் விழுகின்றன. பெருக்கி எடுக்காவிடில் அடுத்த மழையில் வடிகாலைச் சேரும்.

டயர் தேய்மானம்: சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலையும், வண்டலூர்–வாலாஜாபாத், சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர் சாலைகளும் இப்பகுதியின் சரக்குப் போக்குவரத்தைத் தாங்குகின்றன. கனரக வாகனங்கள் திரும்பும் இடங்களிலும் பிரேக் பிடிக்கும் இடங்களிலும் டயர் அதிகம் தேய்கின்றது. இத்துகள் நீரை விட அடர்த்தி மிகுந்தது. எனவே சாலையோரத் தூசியுடன் கலந்து, மழைநீரில் சென்று, கால்வாய், ஏரிப் படிவுகளில் தங்கும் இயல்புடையது.

சலவை இழைகள்: 6 கிலோகிராம் அக்ரிலிக் துணியை இயந்திரத்தில் ஒருமுறை துவைக்கும்போது 7,00,000க்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என 2016 இல் பிரித்தானியாவில் செய்யப்பட்ட ஆய்வு காட்டியது. பாலியெஸ்டர், பாலியெஸ்டர்–பருத்திக் கலப்புத் துணிகளிலிருந்தும் இழைகள் உதிர்கின்றன. தொழிற்பகுதியின் சீருடைகளில் இத்தகைய கலப்புத் துணிகள் பரவலாக உள்ளன. வல்லம்–வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் விடுதி வளாகம் 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. இதனைத் தவிரச் சிறு விடுதிகளும் வாடகை வீடுகளும் பல உள்ளன. பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் சலவை நீர் தெருக் கால்வாய் வழியே ஏரியை அடைய வாய்ப்பு மிகுதி.

குப்பைச் சிதைவு: ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கிடக்கும் பைகள், தேநீர்க் குவளைகள், சிப்பம் கட்டும் தாள்கள் ஆகியன வெயிலில் நொறுங்கித் துணுக்குகளாகின்றன. கோயில் திருவிழா, வாரச்சந்தை ஆகியவற்றிற்குப் பின் சேரும் குப்பையும் இதில் அடங்கும். குப்பையை எரிப்பது தீர்வாகாது. முழுமையாக எரியாத நெகிழித் துணுக்குகள் சாம்பலில் எஞ்சுவதுடன், நச்சுப் புகையும் உண்டாகின்றது.

2015 வெள்ளமும் கடற்கரையும்

சென்னைக் கடற்கரையில் நெகிழிக் குருணைகளின் பரவலை 2015 மார்ச்சிலும், வெள்ளத்தை அடுத்து அதே ஆண்டு நவம்பரிலும் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2016 இல் வெளியான இவ்வாய்வின்படி, நவம்பரில் காணப்பட்ட குருணைகள் மார்ச்சில் இருந்ததைப் போல மூன்று மடங்காக இருந்தன. அவற்றில் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிகுதி. நெடுநாள் வெயிலில் கிடந்து பழுப்பேறாத புதிய குருணைகள் பெருமளவில், கூவம், அடையாறு ஆகிய ஆறுகள் வழியாக நிலத்திலிருந்து வந்தன என ஆய்வாளர்கள் முடிவு செய்தனர்.

இம்முடிவு இரு காரணங்களால் முக்கியமானது. முதலாவது, கடற்கரைக் குருணைகள் கப்பல்களிலிருந்து மட்டுமே வருகின்றன என்னும் எண்ணத்தை இது மாற்றியது. இரண்டாவது, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகச் சிந்துவது நிலத்திலும் வடிகாலிலும் காத்திருந்து, சில நாள் மழையில் ஒன்றாகப் புறப்படுகின்றது என்பதை இது காட்டியது. இந்த ஆய்வின் நவம்பர்க் கணக்கைத் தொடர்ந்து, டிசம்பர் 1–2 தேதிகளில் அதனினும் பெரிய வெள்ளம் ஏற்பட்டது. அப்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது.

குருணையில் உரியவரின் பெயரோ எண்ணோ இருப்பதில்லை. எனவே கரையில் கிடக்கும் குருணையைக் கொண்டு அதனைச் சிந்திய வளாகத்தைக் கண்டறிவது மிகக் கடினம். சிந்திய இடத்திலேயே தடுப்பது மட்டுமே பொறுப்பை உறுதி செய்யும்.

கப்பல் விபத்துகளும் இத்தகைய மாசை உண்டாக்குகின்றன. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 டன் குருணைகள் இலங்கையின் மேற்குக் கரையில் பரவின. 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் குருணைகள் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. கப்பல் விபத்தில் ஒரே நாளில் நிகழ்வது, நிலத்தில் பல ஆலைகள், பல மூட்டைகள், பல மழைகள் எனப் பிரிந்து நிகழ்கின்றது.

பிற நீர்நிலைகளில் ஆய்வுகள்

சென்னைக்குக் குடிநீர் வழங்கும் மற்றொரு நீர்நிலையான செங்குன்றம் (புழல்) ஏரியில் 32 இடங்களில் எடுத்த மாதிரிகளின் ஆய்வு 2020 இல் வெளியானது. நீரில் லிட்டருக்குச் சராசரியாக 5.9 துகள்களும், படிவில் கிலோகிராமுக்கு 27 துகள்களும் காணப்பட்டன. இழைகள் 37.9 விழுக்காடாக முதலிடம் பெற்றன; துணுக்குகள், படலங்கள், குருணைகள் ஆகியன அடுத்தடுத்து வந்தன.

கடலூர் மாவட்டத்திலுள்ள வீராணம் ஏரியும் சென்னைக்கு நீர் வழங்குவதாகும். 2021 இல் வெளியான ஆய்வொன்று இதன் படிவில் கிலோகிராமுக்குச் சராசரியாக 309 துகள்கள் இருப்பதாகக் கூறியது. வேம்பநாட்டு ஏரியின் படிவில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 252.8 துகள்கள் எனக் கணக்கிடப்பட்டது.

இவ்வெண்களை நேரடியாக ஒப்பிடுதல் தவறு. அலகுகள் வேறு, வடிகட்டிய வலையின் கண் அளவும் வேறு. நுண்ணிய வலையைப் பயன்படுத்தினால் எண்ணிக்கை கூடும். அதனால் மட்டும் அந்த ஏரி மற்றதை விட மாசடைந்தது ஆகாது. ஒரே ஏரியை ஒரே முறையில் பல ஆண்டுகள், மழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுவதே பயன் தரும்.

அளவிடும் முறை

நீர் மாதிரி வலை அல்லது சல்லடை வழியே செலுத்தப்படும். எஞ்சுவதில் உள்ள பாசி, இலைத் துணுக்கு முதலிய கரிமப் பொருட்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு சிதைக்கப்படும். பின்னர் அடர்த்தி வேறுபாட்டால் மணலிலிருந்து நெகிழி பிரிக்கப்படும். செறிந்த உப்புக் கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.2 ஆகும். அதில் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், பாலிஸ்டைரீன், நைலான் ஆகியன மிதக்கும். பாலியெஸ்டர் (1.38) மிதக்காது, அதற்குத் துத்தநாகக் குளோரைடு போன்ற அடர்ந்த கரைசல் வேண்டும். உப்புக் கரைசலை மட்டும் கொண்டு செய்யப்பட்ட ஆய்வில் துணி இழைகள் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

நுண்நோக்கியில் மட்டும் பார்த்து எண்ணினால் பருத்தி நூலையும் நெகிழியாகக் கருதிவிடலாம். ஆகையால் அகச்சிவப்பு நிறமாலை அல்லது இராமன் நிறமாலை மூலம் பொருளின் வகை உறுதி செய்யப்படுகின்றது. ஆய்வாளரின் உடையிலிருந்து விழும் இழை கணக்கைக் கெடுக்காதிருக்க, பருத்தி உடை அணிவதும், வெற்று மாதிரி ஒன்றை உடன் சோதிப்பதும் வழக்கம்.

விளைவுகள்

மீன், நத்தை, பறவை முதலியன துகள்களை உணவென விழுங்குகின்றன. இதனால் உணவு கொள்ளும் அளவும் வளர்ச்சியும் குறைவதாகச் சோதனைகளில் காணப்பட்டது. துகளின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிர்களும் படிவதால், மிதந்தவையும் காலப்போக்கில் கனத்து அடியில் தங்குகின்றன. நெகிழியில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருட்களும் தீங்கு செய்யலாம். வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாக இறந்ததற்கு, டயரில் சேர்க்கப்படும் பாதுகாப்புப் பொருளிலிருந்து உண்டாகும் ஒரு சேர்மமே காரணம் என 2020 இறுதியில் வெளியான ஆய்வு கண்டறிந்தது.

மனிதர்களைப் பொறுத்தவரை, நுண்நெகிழி குருதியிலும் நஞ்சுக்கொடியிலும் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. நெதர்லாந்தில் 2022 இல் வெளியான ஆய்வில் 22 பேரில் 17 பேரின் குருதியில் இது காணப்பட்டது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2024 இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்துத் தமனியின் கொழுப்புப் படிவில் நெகிழித் துகள் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது இறப்பு நேரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறத்தாழ 4.5 மடங்கு அதிகமாக இருந்தது. இது இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டுகின்றதே அன்றி, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என நிறுவவில்லை. குடிநீரில் உள்ள நுண்நெகிழியால் ஏற்படும் உடல்நலக் கேட்டை மதிப்பிடச் சான்றுகள் போதாது என்றும், ஆய்வுகள் தேவை என்றும், மாசைக் குறைக்க வேண்டும் என்றும் உலக நலவாழ்வு அமைப்பு 2019 இல் கூறியது.

கட்டுப்படுத்தும் வழிகள்

ஆலை வளாகத்தில்: குருணை இழப்பைத் தடுப்பதற்கான தன்னார்வத் திட்டம் ஒன்று 1991 முதல் பன்னாட்டு நெகிழித் தொழில்துறையில் உள்ளது. இதன் நடைமுறைகள் எளியவை: இறக்குமிடத்தில் தட்டு விரித்தல், கிழிந்த மூட்டையை உடனே மாற்றுதல், நீரால் கழுவாமல் உறிஞ்சுக் கருவியால் எடுத்தல், வளாகத்தின் ஒவ்வொரு மழைநீர் வாய்க்கும் குருணையை விடச் சிறிய கண்ணுடைய சல்லடை பொருத்துதல். மழைக்காலத்திற்கு முன் சல்லடையைத் துப்புரவு செய்தல் இன்றியமையாதது. அடைத்துக்கொண்ட சல்லடையில் நீர் மேலே வழிந்து குருணையையும் கொண்டு செல்லும்.

சாலையிலும் வரத்துக் கால்வாயிலும்: டயர்த் துகள் சாலைத் தூசியில் இருப்பதால், மழைக்கு முன் சாலையோர மண்ணை அள்ளுவது அதனைக் குறைக்கும் வழியாகும். கால்வாய் ஏரியில் சேருமுன் படிவுக் குழி அமைத்தால் கனத்த துகள்கள் அங்கேயே தங்கும். மிதக்கும் துகள்களுக்கு மிதவைத் தடுப்பு பயன்படும். இக்குழிகளைக் குறித்த காலத்தில் தூர் வாராவிடில் பயனில்லை. ஏரி வண்டலை வயலுக்கு எருவாக எடுப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். ஆலைப்பகுதிக் கால்வாய் சேரும் முகத்துவாரத்து வண்டலில் துகள் மிகுந்திருக்க வாய்ப்புள்ளதால், அதனை வயலில் இடாது தனியே அகற்றுதல் நன்று.

விடுதிகளிலும் சலவையிலும்: பல்லாயிரம் பேரின் சலவை நீர் ஒரே இடத்தில் சேர்வது மாசுக்கு வழியாயினும், தடுப்பதற்கும் அதுவே எளிய இடமாகும். பல்லாயிரம் வீடுகளில் வடிகட்டி பொருத்துவதைக் காட்டிலும் ஒரு விடுதியின் சலவைக் கூடத்தில் பொருத்துவது எளிது. வடிகட்டியில் சேரும் இழைத் திரளை நீரில் கழுவி விடாமல் உலர்த்திக் குப்பையில் சேர்க்க வேண்டும்.

கழிவுநீர் சுத்திகரிப்பு: கிளாஸ்கோவில் உள்ள ஒரு சுத்திகரிப்பு நிலையம் நுண்நெகிழியில் 98 விழுக்காட்டுக்கும் மேல் நீக்கியது என 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனினும் எஞ்சிய சிறு பங்கே நாளொன்றுக்கு 6.5 கோடித் துகள்களாக ஆற்றில் கலந்தது. சவ்வு உயிரியல் கலன் முறையில் 99.9 விழுக்காடு வரை நீக்கலாம் எனப் பின்லாந்து ஆய்வு 2017 இல் தெரிவித்தது.

சென்னையில் கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 45 மில்லியன் லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் 2019–20 காலப்பகுதியில் செயற்படத் தொடங்கியது. நகரக் கழிவுநீரை மீநுண் வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) ஆகியவற்றின் மூலம் தூய்மையாக்கி, இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் முதலிய தொழிற்பூங்காக்களுக்குக் குழாய் வழியே இது வழங்குகின்றது. இதன் நோக்கம் ஏரி நீரையும் நிலத்தடி நீரையும் மிச்சப்படுத்துவதாகும். இச்சவ்வுகளின் துளைகள் நுண்நெகிழியை விடச் சிறியவை ஆதலால் துகள்களும் நீங்குகின்றன. ஆயினும் நீங்கியவை சேற்றிலும் கழிவு நீரோட்டத்திலும் சேர்கின்றன. சேற்றை நிலத்தில் உரமாக இட்டால் அவை மழையில் மீண்டும் நீர்நிலைக்குத் திரும்பலாம். எனவே சேற்றைக் கையாளும் முறையும் சுத்திகரிப்பின் பகுதியாகக் கருதப்பட வேண்டும்.

குடிநீர் சுத்திகரிப்பு: படிகாரம் போன்ற திரட்டிகளைச் சேர்த்துத் தெளியவைத்து, மணல் வடிகட்டியில் செலுத்தும் வழக்கமான முறையே துகளில் பெரும்பகுதியை நீக்குகின்றது. செக் நாட்டின் மூன்று நிலையங்களில் 70 முதல் 83 விழுக்காடு வரை நீங்கியதாக 2018 இல் கண்டறியப்பட்டது. கலங்கல் நீங்கிய தெளிந்த நீரில் துகள் எண்ணிக்கையும் குறைவாக இருக்கும் எனப் பொதுவாக எதிர்பார்க்கலாம். மிகச் சிறியவை எஞ்சும்.

வீடுகளில்: அடைக்கப்பட்ட குடிநீர் இதற்கு மாற்றாகாது. ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 புட்டிகளில் 93 விழுக்காட்டில் துகள்கள் இருந்தன என 2018 இல் வெளியான ஆய்வு கூறியது. அதில் இந்தியாவும் அடங்கும். அமெரிக்காவில் 2024 இல் நானோ நெகிழியையும் சேர்த்து எண்ணியபோது புட்டி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2,40,000 துகள்கள் காணப்பட்டன.

கடினநீரை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டினால் நுண்நெகிழியில் 90 விழுக்காடு வரை குறையும் எனச் சீன ஆய்வாளர்கள் 2024 இல் தெரிவித்தனர். கொதிக்கும்போது உண்டாகும் கால்சியம் கார்பனேட் துகள்களைச் சூழ்ந்து படிவதே இதற்குக் காரணம். பாத்திரத்தில் வெண்ணிற உப்புப் படியும் கிணற்று, ஆழ்குழாய் நீருக்கு இது பொருந்தும். மென்னீரில் பயன் குறைவு; அங்கு ஏறத்தாழ 25 விழுக்காடே நீங்கியது. ஆறிய நீரை அடியில் தங்கிய படிவு கலங்காமல் பருத்தித் துணியில் வடிகட்ட வேண்டும். நெகிழித் துணியில் வடிகட்டுவது நோக்கத்துக்கு மாறானது.

ஆராய்ச்சி நிலையில் உள்ளவை: அயர்லாந்து மாணவர் பியான் பெரெய்ரா, எண்ணெயும் காந்த இரும்பு ஆக்சைடும் கலந்த நீர்மத்தால் துகள்களைக் கவரும் முறைக்கு 2019 இல் கூகுள் அறிவியல் கண்காட்சிப் பரிசு பெற்றார். பாலியெஸ்டர் வகை நெகிழியைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைச் சப்பானிய அறிவியலாளர்கள் 2016 இல் அறிவித்தனர். ஓர் ஏரி முழுவதையும் தூய்மையாக்கும் அளவுக்கு இவை வளரவில்லை.

சட்டங்கள்

- ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்கள் 14 வகையைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. துணிப்பைப் பயன்பாட்டைப் பெருக்க மீண்டும் மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது.
- இந்திய அரசு 2016 இல் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. குறிப்பிட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருட்களுக்கு 2022 சூலை 1 முதல் நாடு முழுவதும் தடை விதித்தது.
- உணவில் உள்ள நுண்நெகிழியைக் கண்டறியும் முறைகளை வகுக்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2024 இல் ஆய்வுத் திட்டம் தொடங்கியது.
- அமெரிக்கா 2015 இல் கழுவி நீக்கும் அழகுப் பொருட்களில் நுண்மணிகளைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிக்கு 2023 இல் கட்டுப்பாடு விதித்தது.
- நெகிழி மாசு குறித்த பன்னாட்டு உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தை 2022 இல் நைரோபியில் எடுத்த தீர்மானத்தின்படி தொடங்கியது. 2025 ஆகத்தில் செனீவாவில் நடந்த சுற்று உடன்பாடின்றி முடிந்தது.

இச்சட்டங்கள் பெரும்பாலும் பைகளையும் குவளைகளையும் பற்றியவை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) நுண்நெகிழிக்கு வரம்பு எதனையும் குறிப்பிடவில்லை. மேலே கூறிய தமிழக, இந்திய விதிகளில் குருணைச் சிதறல், டயர்த் துகள், சலவை இழை ஆகிய மூன்றுக்கும் தனி வரம்பு இல்லை. திருப்பெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியவை இம்மூன்றுமே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- அடையாறு
- செம்பரம்பாக்கம் ஏரி
- புழல் ஏரி
- வல்லக்கோட்டை
- நெகிழி
- நீர் மாசுபாடு
- 2015 தென்னிந்திய வெள்ளம்